கண்ணாடி மாற்றியும் தெளியாத பார்வை

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம். பார்வை மங்கினால் கண்ணாடிக் கடைக்குப் போவது நம் வழக்கம். ஆனால், கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் கொண்ட பார்வை நரம்பு பழுதுபட்டால், எந்தப் பவர் கண்ணாடியும் உதவாது.

திருப்பூரில் பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் ஓர் இளம்பெண்ணுக்கு, ஒரே சிவப்புத் துணி வலக்கண்ணில் செக்கச்செவேலென்றும் இடக்கண்ணில் வெளிறியும் தெரிகிறது, கண்ணை அசைத்தால் உள்ளே வலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்வை நரம்பு அழற்சியின் அடையாளம் இது. வீட்டில் உடம்புச் சூடு என்று சொல்லித் தலைக்கு விளக்கெண்ணெய் வைப்பார்கள். இந்நோயில் பார்வை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தேறிவிடுவதால், எண்ணெயில் குணமாயிற்று என்று நம்பி விட்டுவிடுவார்கள். எனக்கு மிகுந்த கவலை தருவது இந்த இடம்தான். அமெரிக்காவில் இத்தகைய நோயாளிகளை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வெளிப்பட்டது, முதல் எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலேயே மூளையில் தழும்பு காணப்பட்டவர்களில் அது 100க்கு 72 பேர், காணப்படாதவர்களில் 25 பேர். ஆகவே பார்வை திரும்பிவிட்டாலும் அந்த ஸ்கேன் தேவை.

வண்டி ஓட்டும்போது இரு பக்கவாட்டிலும் வருவது தெரியாமல் அடிக்கடி மோதிக்கொள்பவருக்கு, மூளையின் அடியில் பார்வை நரம்புகளுக்கு அருகே உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருக்கலாம். விடியற்காலைத் தலைவலியோடு, குனிந்து நிமிரும்போது சில நொடிகள் கண் இருண்டால், மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம். ஒரு கண்ணில் திரை இறங்கியதுபோல் பார்வை மறைந்து சில நிமிடங்களில் திரும்புவது பக்கவாதத்தின் முன்னறிவிப்பாக இருக்கக்கூடும். வலியில்லையே, மஞ்சள் ஏலம் முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். திடீரென இமை தொங்கி, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்து, கடும் தலைவலியும் சேர்ந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கலாகாது.

உருவம் இரட்டையாகத் தெரிந்தால், ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் ஒன்றாகிவிட்டால், பழுது பெரும்பாலும் கண்ணை அசைக்கும் நரம்பிலோ தசையிலோ இருக்கிறது என்பதால், இதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். கண்மணியை விரித்து நரம்பின் முகப்பைப் பார்க்கச் சொட்டு மருந்து விடுவார்கள். சில மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து மங்கும். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். நீங்களே வண்டி ஓட்டித் திரும்ப வேண்டாம்.