1 ஜிபி ராம் உள்ள சின்ன லப்டொப்புக்கு எந்த லினக்ஸ்?

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணத்தில கனபேற்ற அலுமாரிக்குள்ள 2009, 2010 காலத்துச் சின்ன லப்டொப் ஒண்டு கிடக்கும். 10 அங்குல ஸ்கிரீன், இன்டெல் ஆட்டம் ப்ரொசெசர், 1 ஜிபி ராம். தயவுசெய்து அதைப் பழைய இரும்புக்குப் போடாதேங்கோ. பிள்ளையள் தமிழ் ரைப் பண்ணிப் பழக அது நல்லாக் காணும்.

எந்த லினக்ஸ் எண்டு தேட முதல் ப்ரொசெசர் நம்பரைப் பாருங்கோ. ப்ரொசெசர் ஒரேயடியாக் கையாளுற தரவின்ர அளவைத்தான் 32 பிட், 64 பிட் எண்டு சொல்லுறது, லினக்ஸும் அதுக்கேத்த மாதிரி வரும். என்270, என்280 எண்டால் 32 பிட் மட்டும். என்450, என்455 எண்டால் 64 பிட்டும் ஓடும். வின்டோஸ் 7 ஸ்டார்ட்டர் "32 பிட்" எண்டு காட்டுறதை நம்பி முடிவெடுக்காதேங்கோ. அந்த ஸ்டார்ட்டரே 32 பிட்டில மட்டும்தான் வந்தது, ப்ரொசெசர் வேறயா இருக்கலாம்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்லுறன் எண்டால், 32 பிட்டுக்கு வழி அடைபட்டுக்கொண்டு வருது. லுபுண்டு எண்ட லேசான லினக்ஸ் 32 பிட்டை 2019இலயே விட்டுட்டுது. கன லினக்ஸுக்கு அடித்தளமான டெபியனிலயும், 2025இல வந்த 13ஆம் பதிப்புக்கு 32 பிட் இன்ஸ்டோலரே இல்லை. ஃபயர்ஃபொக்ஸும் 144ஆம் பதிப்போட 32 பிட் லினக்ஸை நிப்பாட்டிப்போட்டுது. முந்தி "ராம் குறைவெண்டால் 32 பிட்டே போடு" எண்டுவினம். இப்ப அப்பிடி இல்லை, 64 பிட் ஓடுமெண்டால் அதையே போடுங்கோ.

என்ர தெரிவு ரெண்டுக்கும் ஆன்டிஎக்ஸ் 23 எண்ட லேசான லினக்ஸ்தான். டெபியன் 12க்கு மேல கட்டினது, 32 பிட்டும் இருக்குது, 64 பிட்டும் இருக்குது. ஐஸ்டபிள்யுஎம் டெஸ்க்டொப்போட ஏறி நிக்கேக்க 200 எம்பி அளவுதான் ராம் பிடிக்கும். 2 ஜிபி ராமும் 64 பிட்டும் இருந்தால் லுபுண்டுவும் சமாளிக்கும், ஆனா பிரவுசர் திறந்தவுடன வித்தியாசம் தெரியும்.

4 ஜிபி பென்ட்ரைவ் ஒண்டு காணும். ஆன்டிஎக்ஸின்ர ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி, வின்டோஸில ஓடுற ரூஃபஸ் எண்ட மென்பொருளால பென்ட்ரைவில எழுதுங்கோ, பூட் ஆகாட்டில் ரூஃபஸில இருக்கிற டிடி மோடில திருப்பி எழுதுங்கோ. லப்டொப்பைப் போடேக்க பென்ட்ரைவைத் தெரிவு செய்யிற பூட் மெனுவுக்கு ஏசரில எஃப்12. அது வேலை செய்யாட்டில் எஃப்2 அமத்தி பயோஸ் எண்ட அடிப்படை செட்டிங்சுக்குள்ள எஃப்12 பூட் மெனுவை எனேபிள் பண்ணவேணும். அசுஸின்ர ஈ பிசி எண்டால் எஸ்கேப். ஹார்ட் டிஸ்க்கில கை வைக்க முதல் பென்ட்ரைவிலயே ஓடவிட்டு வைஃபை, சத்தம் ரெண்டையும் பாருங்கோ. பாஸ்வேர்ட் கேட்டால் "demo", ரூட் எண்ட நிர்வாகிக் கணக்குக்குக் கேட்டால் "root". ப்ரொட்கொம் (Broadcom) கொம்பனி வைஃபை எண்டால் சிலது ஃபேம்வேர் எண்ட சின்ன மென்பொருள் இல்லாமல் எழும்பாது. போனை யுஎஸ்பி வயரால குத்தி, போன் இன்ரநெற்றை லப்டொப்புக்குக் குடுக்கிற டெதரிங்கைப் போட்டு அதை இறக்கிக்கொள்ளுங்கோ.

எல்லாம் சரியெண்டால் ஹார்ட் டிஸ்க்கில இன்ஸ்டோல் பண்ணலாம். இதை இப்ப கிட்டக் காட்டுறன், பாருங்கோ. இன்ஸ்டோலர் ஜன்னலில "நெக்ஸ்ட்" பட்டனைக் காணேல்லை. ஸ்கிரீன் உயரம் 600 பிக்சல்தானே, பட்டன் கீழ போய் ஒளிஞ்சிட்டுது. ஓல்ட் (Alt) விசையைப் பிடிச்சுக்கொண்டு ஜன்னலின்ர நடுவில மவுசால மேல இழுங்கோ. இந்தா வந்திட்டுது. ராம் காணாட்டில் டிஸ்க்கில பாவிக்கிற ஸ்வாப் இடத்தைக் கேக்கேக்க 2 ஜிபி குடுங்கோ.

இன்னொரு கரைச்சல், கனகாலம் கிடந்த லப்டொப்பில, திகதியை ஞாபகம் வச்சிருக்கிற சின்ன சீமோஸ் பற்றரி செத்திருக்கும். திகதி பழைய வருசத்துக்குப் போயிடும். உடன பிரவுசர் எல்லாத் தளத்திலயும் செர்ட்டிஃபிக்கேட் பிழை காட்டும், மென்பொருள் இறக்கி ஏத்துற ஏபிடி (apt) கட்டளை "ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகேல்லை" எண்டும். ஆக்கள் இதை இன்ரநெற் பிழை எண்டு நினைச்சுத் திருப்பித் திருப்பி இன்ஸ்டோல் பண்ணுவினம். முதல் திகதியைச் சரியாக்குங்கோ. பிறகு சிஆர்2032 பற்றரி ஒண்டு மாத்துங்கோ. சில மொடலில அது வயர் வச்சு வரும், பழசைக் கழட்டிக் கையோட கொண்டு போய் வாங்குங்கோ.

கடைசியாத் தமிழ். கட்டளை அடிக்கிற டெர்மினலில "sudo apt install ibus-m17n" எண்டு போட்டு, தமிழ் ரைப் பண்ண உதவுற ஐபஸ்-எம்17என் எடுத்துக்கொள்ளுங்கோ. ரைப் பண்ணுற முறையைத் தெரிவு செய்யிற ஐஎம்-கொன்ஃபிக்கில (im-config) ஐபஸைத் தெரிவு செய்து வெளிய போய்த் திருப்பி உள்ள வாங்கோ. விசைப்பலகைப் பட்டியலில தமிழ் 99உம் இருக்குது, எங்கட ஆக்கள் பழகின ரங்கநாதனும் இருக்குது.