மருமகள் உடைத்த பொன்குடம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம். தலைப்பை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்கிறேன்: சூப்பர் ஹீரோ கதைகளில் பெண்களும் கறுப்பினத்தவரும் வேற்று நாட்டவரும் நாயகர்களானது ரசிகர் கூட்டத்தைப் பெருக்கியதா, கலைத்ததா? பெருக்கியது என்று சொல்லத்தான் நாங்கள் வந்திருக்கிறோம்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரே ஒரு படத்தைத் தூக்கி மேசைமேல் போட்டார். 2023-இல் வந்த 'தி மார்வெல்ஸ்'. மூன்று நாயகிகள், உலகம் முழுக்க வசூல் 20 கோடி டாலருக்குக் கொஞ்சம் மேல், மார்வெல் காமிக்ஸ் நாயகர்களை வைத்து வந்த அந்தத் தொடர் வரிசைப் படங்களிலேயே கடைசி இடம். "பெண்களைப் போட்டார்கள், கூட்டம் வரவில்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வசூல் கணக்கு சரிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மூவரில் முதல்வர் கேரல் டேன்வர்ஸ். 2019-இல் 'கேப்டன் மார்வெல்' படத்தில் வந்தாரே, அதே பாத்திரம், நடித்தவரும் அதே ப்ரீ லார்சன்தான், அந்தப் படம் 110 கோடி டாலரைத் தாண்டியது. 2019-இலும் அவர் பெண்தானே ஐயா? நான்கு வருடத்தில் மாறியது வேறு. இரண்டாவது படத்தில் அவரோடு வருகிற மற்ற இருவர் யார் என்று புரிய வேண்டுமென்றால் ஓடிடியில் இரண்டு தொடர்களை முன்கூட்டியே பார்த்து முடித்திருக்க வேண்டும். டிக்கெட் வாங்குகிறவனுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தால் அவன் வருவானா? போதாக்குறைக்கு, ஹாலிவுட் நடிகர்களின் வேலைநிறுத்தம் முடிந்த மறுநாள் அமெரிக்காவில் படம் வெளியானது, அதுவரை நடிகைகள் விளம்பரத்துக்காக வாய் திறக்கவே முடியவில்லை.

அதே வருடம் 'தி ஃப்ளாஷ்' படுத்தது, 'ஷஸாம்' இரண்டாம் பாகம் இன்னும் மோசமாகப் படுத்தது. இரண்டிலும் நாயகன் ஆண். 2011-இல் 'கிரீன் லான்டர்ன்' கவிழ்ந்தபோது "இனி ஆண்களை வைத்து எடுக்காதீர்கள்" என்று யாராவது சொன்னதுண்டா? ஆனால் 'எலெக்ட்ரா', 'கேட்வுமன்', 'சூப்பர்கேர்ள்' தோற்ற கதையை மட்டும் மார்வெல் தலைமையில் இருந்த ஐசக் பெர்ல்மட்டர் 2014-இல் சோனி பட நிறுவனத் தலைவருக்கு மின்னஞ்சலில் பட்டியலே போட்டு அனுப்பினார். ஹேக்கர்கள் புண்ணியத்தில் அது வெளியே வந்துவிட்டது, இல்லாவிட்டால் நமக்கு எங்கே தெரியப்போகிறது! மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

சரி, காமிக்ஸுக்கு வருவோம். 2017-இல் மார்வெலின் விற்பனைத் துணைத் தலைவர் டேவிட் கேப்ரியல், வாசகர்களுக்கு இப்படி விதவிதமான நாயகர்கள் வேண்டாமாம், கடைக்காரர்களே சொல்கிறார்கள் என்று பேட்டி கொடுத்தார். எதிரணி அதைப் படித்துக் காட்டியது. புது நாயகர்களை ஆவலோடு வரவேற்கிற கடைக்காரர்களும் இருக்கிறார்கள் என்று அவரே பின்னால் விளக்கம் கொடுத்ததை மட்டும் ஏனோ படிக்கவில்லை.

அந்தக் கடை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் காமிக்ஸ் கடைக்காரர் இதழ் வருவதற்கு வாரக்கணக்கில் முன்பே ஆர்டர் கொடுத்தாக வேண்டும், விற்காத பிரதியைப் பெரும்பாலும் திருப்பித் தர முடியாது, நஷ்டம் அவர் தலையில்தான். அதனால் பழக்கமில்லாத பெயர் என்றால் இரண்டு பிரதி எடுக்கவே யோசிப்பார். எடுக்காத இதழ் எப்படி விற்கும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? கடைசியில் அந்த ஆர்டர் எண்ணிக்கையைத்தான் 'விற்பனைப் பட்டியல்' என்று நம்மிடம் நீட்டுகிறார்கள், டிஜிட்டலில் வாங்கியவர் அதில் சேர்த்தியே இல்லை.

கமலா கானை எடுத்துக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சியில் வளரும் பாகிஸ்தானிக் குடும்பத்துப் பெண், 2014-இல் 'மிஸ் மார்வெல்' ஆனாள். முதல் இதழைத் திரும்பத் திரும்ப அச்சடிக்க வேண்டியிருந்தது, முதல் தொகுதி மறுவருடம் அறிவியல் புனைகதைகளுக்கான ஹியூகோ விருது வாங்கியது. 2015-இல் சான் ஃபிரான்சிஸ்கோ பேருந்துகளில் முஸ்லிம்களுக்கு எதிரான விளம்பரங்கள் வந்தபோது, யாரோ அவற்றின்மேல் இவள் படத்தை ஒட்டிவிட்டுப் போனார்கள். விற்பனைப் பட்டியலில் இதற்கெல்லாம் எந்தக் கட்டத்தில் எண் போடுவது?

'பிளாக் பேந்தர்' 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது எல்லோருக்கும் தெரியும், அதை நான் நீட்டப் போவதில்லை. ஒரு காட்சி மட்டும். தலையை மழித்த ஆப்பிரிக்கப் பெண் படைத்தலைவி ஒகோயே, சூதாட்ட விடுதியில் மாறுவேடத்தில் இருக்கிறாள், சண்டை வந்ததும் தலையில் இருந்த சவுரியைக் கழற்றி எதிரியின் முகத்திலேயே வீசுகிறாள். வேறு எந்த நாயகனுக்கும் எழுத முடியாத காட்சி அது, அவள் யார் என்பதிலிருந்தே பிறந்தது.

எதிரணியில் ஒரு நியாயம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். 2014-இலிருந்து இரண்டு மூன்று வருடத்துக்குள் தோர், கேப்டன் அமெரிக்கா, ஹல்க், அயர்ன் மேன் என்று எல்லாப் பெயரையும் அடுத்தடுத்து வேறு ஆட்களுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். பழையவர் எப்படியும் திரும்பி வருவார் என்று வாசகனுக்குத் தெரியும், பிறகு அவன் எதற்காகப் புதியவரோடு ஒட்டுவான்? மைல்ஸ் மொராலிஸும் ஸ்பைடர் மேன் என்ற பழைய பெயரோடுதான் 2011-இல் வந்தான், ஆனால் அவனுக்கென்று அப்பா அம்மா, பள்ளிக்கூடம், தனிச் சிக்கல்கள் எல்லாம் இருந்தன. அவனை நாயகனாக வைத்து 2018-இல் வந்த அனிமேஷன் படத்தில் ஷூ லேஸ் அவிழ்ந்துகிடக்கிறது என்று யார் சொன்னாலும் கட்ட மாட்டான், வேண்டுமென்றே விட்டிருக்கிறேன் என்பான். பழைய உடைக்குத் தானே கறுப்பு ஸ்ப்ரே அடித்துத் தன் உடையாக்கிக்கொள்கிறான். ஆஸ்கரும் வந்தது, அடுத்த பாகத்துக்கு முதல் பாகத்தைவிடக் கூட்டமும் வந்தது.

மணி அடிப்பதற்குள் எக்ஸ்-மென், பிறவியிலேயே விசித்திர சக்தி கொண்டவர்களின் அணியைப் பற்றிய மார்வெல் காமிக்ஸ். 1963-இல் தொடங்கியபோது ஐந்து மாணவர்கள், ஐவரும் வெள்ளை அமெரிக்கர்கள். விற்கவில்லை. 1970-இல் புதுக் கதையை நிறுத்திவிட்டு ஐந்து வருடம் பழைய கதைகளையே மறுபடி அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். 1975-இல் வந்தது புது அணி: கென்யாவில் தெய்வமாக வணங்கப்பட்ட ஸ்டோர்ம், ஜெர்மானியக் கிராமத்தார் தீப்பந்தத்தோடு துரத்திய நைட்கிராலர், பாய்ந்து வரும் டிராக்டரிடமிருந்து தங்கையைக் காக்க உடம்பை உலோகமாக்கி நின்ற ரஷ்ய விவசாயி கொலோசஸ், கனடாவிலிருந்து வுல்வரின். அங்கே ஏறத் தொடங்கிய வண்டி 1991-இல் ஒரே இதழ் 80 லட்சம் பிரதிக்கு மேல் போகிற அளவுக்கு வந்து நின்றது. விதவிதமான அட்டைக்காக ஒரே ஆள் நாலைந்து வாங்கிய கணக்கும் அதில் உண்டு, சரி, அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அடுத்துப் பேச வரும் நண்பர், இந்த நால்வரையும் நீக்கிவிட்டு மிச்சமுள்ள அந்தப் பழைய ஐவரை வைத்து எக்ஸ்-மென்னை எப்படி விற்பது என்று சொல்லட்டும். 1970 வரை அதைத்தான் செய்துபார்த்தார்கள்.