ஒரு சர்க்கரைக் கட்டி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

புது வைரஸ் வந்தா, அதுக்கான தடுப்பூசி வர்ற வரைக்கும் வேற நோய்க்கான பழைய தடுப்பூசி கைகொடுக்கும்ங்கிறது எங்க கட்சி. எதிரணி நண்பர் கேட்டார்: "வீட்டுக்குள்ள வந்தது பாம்பு, நீங்க பேன் மருந்தைத் தூக்கிட்டு ஓடுறீங்களே?" நீங்களும் கைதட்டினீங்க. அந்தக் கைதட்டலைத் திருப்பி வாங்காம நான் இறங்கப் போறதில்லை!

ஐயா, பேன் மருந்து இல்லை. தூங்குற காவல்காரனை எழுப்புற தடி. நம்ம உடம்புல ரெண்டு காவல். ஒருத்தர் ஆளை அடையாளம் பார்த்துப் பிடிப்பார். அவருக்குப் புது வைரஸோட முகத்தைக் காட்டணும். இன்னொருத்தர் பிறவிக் காவல். வாசல்ல யார் வந்தாலும் தடியெடுப்பார். காசநோய்க்கான பிசிஜி ஊசி, போலியோ சொட்டு மருந்து மாதிரி வலு குறைச்ச உயிர்க்கிருமி உள்ளே போனா, இவர் கொஞ்ச காலம் கண்ணயராம நிப்பார்.

1959, மாஸ்கோ. மரீனா வொரொஷிலோவா, வைரஸ் விஞ்ஞானி. கணவர் மிகயில் சுமகோவும் அதே துறை. போலியோ சொட்டு மருந்தை யாருக்குக் கொடுத்துப் பார்க்கிறது? சொந்தப் பிள்ளைகளுக்கு! சர்க்கரைக் கட்டி, அதுல சொட்டு மருந்து. வலு குறைச்சதுதான், ஆனாலும் உயிருள்ள போலியோ வைரஸ். பிள்ளை வாயைத் திறக்குது. அம்மா கை நீளுது. பிள்ளைக்கு அது மிட்டாய். அம்மாவுக்கு? நடுவர் அவர்களே, அந்தக் கையை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க!

அதே அம்மா பின்னாடி நடத்திய ஆய்வுகள்ல, இந்த மாதிரி மருந்து எடுத்தவங்களுக்குக் காய்ச்சல் சீசன்ல ஃப்ளூ குறைஞ்சுது. 2020ல, அந்த வீட்டுப் பிள்ளை கான்ஸ்டன்டின் சுமகோவ், கொரோனாவுக்கும் அதே சொட்டு மருந்தைச் சோதிச்சுப் பாருங்கன்னு எழுதினார்.

"ஆஸ்திரேலியா தலைமையில நடந்த பிசிஜி ஆய்வு 2023ல கைவிரிச்சுதே?" ஆமா, விரிச்சுது. சுகாதாரப் பணியாளர்களை அது கொரோனாவுலேர்ந்து காக்கலை. மறைக்க மாட்டேன். ஒரு மருந்து, ஒரு வைரஸ். அதோட கதவைச் சாத்திடணுமா?

2020 ஜனவரியில வைரஸோட மரபணு வரிசை வெளியாச்சு. டிசம்பர்லதான் பரவலா ஊசி போட ஆரம்பிச்சாங்க. அதுவே பெரிய வேகம்தான். ஆனா நடுவுல பதினோரு மாசம்! கிணறு வெட்டட்டும் ஐயா, அதுவரைக்கும் பானைத் தண்ணியைக் கொடுக்கக் கூடாதா?

என் அக்கா நர்ஸ். அந்த மாசங்கள்ல டூட்டி முடிஞ்சு வந்து மாடி அறையில தனியா இருப்பா. நாலு வயசு மக கதவுக்கு வெளியே உட்கார்ந்து, கதவிடுக்கு வழியா விரலை நீட்டுவா. அக்கா உள்ளேயிருந்து பார்ப்பா. தொட மாட்டா.

அந்த விரலுக்கு எதிரணி என்ன பதில் வெச்சிருக்காங்க, கேட்டுச் சொல்லுங்க நடுவர் அவர்களே.