கொதிகலன் ஆறுகிற வாரம்

தலைவர் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த வணிகர் சங்கச் செயலாளர் ஐயா அவர்களே, நூலகர் அம்மா அவர்களே, கடையைச் சாத்திவிட்டு நேரே இங்கே வந்திருக்கும் தோழர்களே, வணக்கம். செயலாளர் ஐயாவை முன்வரிசையில் வைத்துக்கொண்டு விடுமுறையைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் துணிச்சல்தான். அவர் பெரிய மனசுக்காரர், பொறுத்துக்கொள்வார்.

விக்டோரியா ராணி காலத்தில் இங்கிலாந்துக்காரர்கள் ஏன் விடுமுறைக்குக் கிளம்பினார்கள்? மூன்று காரணம்: ரயில், டாக்டர், கொதிகலன். சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

முதலில் ரயில். 1841 ஜூலை 5. தாமஸ் குக் என்கிற மதுவிலக்குப் பிரசாரகர் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்குத் தனி ரயில் பேசுகிறார். போக வர ஒரு ஷில்லிங். சுமார் 500 பேர் ஏறிவிட்டார்கள். வண்டிக்குக் கூரை கிடையாது. என்ஜின் கக்குகிற கரியெல்லாம் தலையில்தான். இத்தனை பாடும் எதற்கு? 'குடிக்காதே' என்று மேடையில் சொல்வதைக் கேட்க! சொற்பொழிவு கேட்கக் காசு கொடுத்து ரயிலேறிய கூட்டம் ஐயா அது. இங்கே மின்விசிறியும் தேநீரும் கொடுத்தும் பின்வரிசை காலி. ஆனால் குக் கணக்கு வேறு: லீவு நாளில் தொழிலாளி சாராயக் கடைக்குப் போகக் கூடாது. சோழியன் குடுமி சும்மா ஆடவில்லை.

இனி கொதிகலன். லங்காஷயர் பஞ்சாலை ஊர்களில் 'வேக்ஸ்' என்று தேவாலயத் திருவிழா உண்டு. அன்றைக்கு ஆலைக்கு ஆள் வராது. அதட்டிப் பார்த்த முதலாளிகள், கடைசியில் ஊர் ஆலைகளை ஒரே வாரத்தில் மூட ஒப்புக்கொண்டார்கள். ஏன்? ஆலையை ஓட்டும் நீராவிக் கொதிகலனுக்குள் தண்ணீரின் உப்பு காரையாகப் படியும். படிவு தடித்தால் சூடு தண்ணீருக்கு இறங்காது. தீ படும் தகடு பழுத்து, புடைத்து, வெடிக்கும். சுரண்டுவதற்குத் தீயை அணைத்து, சுற்றியுள்ள செங்கல் கட்டு ஆறும்வரை காத்திருந்து, ஆள் துளை வழியே இறங்கி உளியால் தட்ட வேண்டும். புகைவழிக் கரியையும் வாரவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நடக்கிற வேலையா? ஊருக்கொரு வாரம் என்று பிரித்ததில், 1846இல் ரயில் எட்டிய பிளாக்பூல் கடற்கரைக்குக் கோடை முழுக்கக் கூட்டம்.

1871இல் ஜான் லப்பக் கொண்டுவந்த வங்கி விடுமுறைச் சட்டமும் இப்படித்தான். உண்டியல் என்றால் கோயில் உண்டியல் அல்ல, இன்ன நாளில் பணம் தரவேண்டும் என்று வியாபாரிகள் எழுதிக்கொள்ளும் சீட்டு. அதற்குத் தவணை முடிகிற நாளில் வங்கி மூடியிருந்தால் பணம் கிடைக்காமல் உண்டியல் திரும்பிவிடும். 'மறுநாள் கொடுத்தால் போதும்' என்று சட்டம் சொன்ன பிறகுதான் கதவைச் சாத்த முடிந்தது. அவரே வங்கி முதலாளி. குடுமியைக் கவனியுங்கள்!

டாக்டரை இன்னொரு கூட்டத்தில் வைத்துக்கொள்வோம். இதைச் சொல்லியாக வேண்டும்: அந்த வேக்ஸ் வாரத்துக்குக் கூலி கிடையாது. வருஷம் முழுக்கச் சிறுசேமிப்புச் சங்கத்தில் வாராவாரம் சில்லறை கட்டித்தான் கடலைப் பார்த்தார்கள். ராணி 1901இல் காலமானார். சம்பளத்தோடு விடுமுறைக்கு அங்கே தனிச் சட்டம் 1938இல்தான்.

நம் கடைவீதியில் நின்றபடியே துணி விரிக்கிற பிள்ளைகளுக்கு நாம் கேட்பதும் அதுதான். தீபாவளி விற்பனை முடிந்து இருப்புக் கணக்கெடுக்கக் கடை மூடுகிறீர்கள் அல்லவா? அதையொட்டித் தெருவுக்கொரு வாரம், முறை வைத்து, சம்பளத்தோடு விடுங்கள். வாசல் மேசையில் மனு இருக்கிறது. பெயர், கடை, வேலைக்குச் சேர்ந்த வருஷம் மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். முதல் கையெழுத்தைச் செயலாளர் ஐயாவிடமே கேட்கிறேன்.