வி.டி. கடிகாரமும் மெட்ராஸ் நேரமும்

வணக்கம். மும்பை மாநகராட்சிக் கட்டடத்துக்கு அருகில் நின்று பேசுகிறேன். எதிரே சத்ரபதி சிவாஜி மகாராஜ் ரயில் முனையம். எங்கள் தாராவி வீட்டில் இன்றும் அதற்கு ‘வி.டி.’ (விக்டோரியா டெர்மினஸ்) என்ற பழைய பெயர்தான். என் தாத்தா திருநெல்வேலியிலிருந்து தகரப்பெட்டியோடு வந்து இறங்கிய இடம்.

முகப்பின் நடுவே இருக்கும் அந்தக் கடிகாரத்தைப் பாருங்கள். அதன் கீழே வெறுமையாக ஒரு மாடம் தெரிகிறதா? அங்கே விக்டோரியா அரசியின் சிலை இருந்தது. கடிகாரத்துக்கு மேலே எண்கோண வடிவக் கும்மட்டம். விலா எலும்பு போன்ற கல் வளைவுகளை ஒன்றோடொன்று பூட்டி, கீழே சென்ட்ரிங் முட்டுக் கொடுக்காமலேயே எழுப்பியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. உச்சியில் தீப்பந்தம் உயர்த்தி நிற்கும் பெண் சிலை ‘முன்னேற்றம்’ என்பதன் உருவகம். எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வரைந்த இந்தக் கட்டடத்தின் வேலை 1878இல் தொடங்கியது, பத்தாண்டுகள் பிடித்தது. கல்லில் பூவும் விலங்கும் செதுக்கியவர்களில் பம்பாய் ஓவியப் பள்ளி மாணவர்களும் உண்டு. என் பின்னால் இருக்கும் மாநகராட்சிக் கட்டடமும் ஸ்டீவன்ஸ் வரைந்ததுதான்.

ஆனால் இன்று நான் சொல்ல வந்தது வேறு. இந்த நிலையம் எழும்பிய காலத்தில் இந்தியாவின் ரயில்கள் ஓடியது மெட்ராஸ் நேரப்படி! நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் கணித்த நேரம் தந்தி வழியே நாடெங்கும் போனது. சூரியன் சென்னைக்கு வந்து அரை மணி கழித்துத்தான் பம்பாய்க்கு வருகிறது. ஆகவே ஊர்க் கடிகாரம் ஒன்று சொல்லும், ரயில் அட்டவணை அரை மணி முந்திச் சொல்லும். 1881இல் ஆளுநர் ஃபெர்குசன் நகரத்தையே மெட்ராஸ் நேரத்துக்கு மாற்றப் பார்த்தார். பம்பாய்க்காரர்கள் விடவில்லை, 1883இல் அரசு பின்வாங்கியது. அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. தன் தலைக்கு மேல் சூரியன் வரும்போதுதான் நண்பகல் என்று ஓர் ஊர் நினைப்பதில் என்ன பிழை? 1906இல் இந்திய நேரம் வந்த பிறகும் 1955 வரை பம்பாய் நேரம் இங்கே புழங்கியது.

அதே சமயம், தாத்தா இறங்கிய இந்த நிலையத்து ரயில்களுக்கு ஒருகாலத்தில் நம் ஊர் நேரம் சொல்லியிருக்கிறது என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

கடிகாரத்தில் இப்போது சரியாக ஆறு. பழைய மெட்ராஸ் கணக்கில் 5.51. பழைய பம்பாய்க் கணக்கில் 5.21. எனக்கு சயான் போகும் ரயில் வந்துவிட்டது, உள்ளே போகிறேன்.