ஸ்லாவியப் பெயர்களும் அம்மாவின் இனிஷியலும்

அவைத்தலைவர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய தலைமையாசிரியர் அம்மையார் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த வணிகப் பெருமக்களே, மழையையும் பார்க்காமல் வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். நூலகர் ஐயாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய ரஷ்ய நாவல்களின் தமிழ் மொழிபெயர்ப்புகளைக் கரையானுக்குக் கொடுக்காமல் காத்து வைத்திருப்பவர் அவர். அந்தப் புத்தகங்களில்தான் ஸ்லாவியப் பெயர்கள், அதாவது ரஷ்யர், உக்ரைனியர், போலந்துக்காரர், செக்கர், செர்பியர் போன்றோரின் பெயர்கள், எனக்கு முதலில் பழக்கமாயின.

பிள்ளைக்கு இடும் பெயர், குடும்பப் பெயர், அப்பாவால் வந்த பெயர் என்று மூன்றைப் பற்றியும் பேசுவதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறது. முதலில் இடும் பெயர்.

யாரொஸ்லாவ், ஸ்தனிஸ்லாவ் போன்றவை இரண்டு சொல் சேர்ந்த பழைய பெயர்கள். 'ஸ்லாவ்' என்று முடிந்தால் புகழ். ல்யுத்மிலா என்றால் மக்களுக்கு இனியவள். போக்தான் என்றால் கடவுள் தந்தவன். நம் தேவதத்தன் அப்படியே. 988இல் கீவ் அரசர் விளாதிமிர் கிறிஸ்தவம் தழுவிய பிறகு இவான், வசீலி போன்ற பெயர்கள் கிரேக்கத்திலிருந்து வந்து பரவின. ஆனால் வீட்டில் கூப்பிட்டது பல தலைமுறைக்குப் பழைய பெயர்தான். ஷ்தான் என்றால் காத்திருந்து பெற்றவன். நெஷ்தான் எதிர்பாராமல் வந்தவன். த்ரெத்யாக் மூன்றாமவன். நெக்ராஸ் என்றால் அழகில்லாதவன்! ரஷ்யக் கவிஞர் நெக்ராசவின் குடும்பப் பெயர் இதில் முளைத்ததுதான். அழகான பிள்ளையை அழகில்லை என்று கூப்பிட்டால் கண் படாது அல்லவா?

செர்பிய மொழிக்கு அகராதி தந்த வூக் கராஜிச் 1787இல் பிறந்தவர். வூக் என்றால் ஓநாய். அவருக்கு முன் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. பிள்ளை தின்னும் சூனியக்காரி ஓநாயிடம் நெருங்க மாட்டாள் என்று நம்பி வைத்த பெயர் அது. நம் ஊரில் பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்து, குப்பன், குப்பம்மாள் என்று கூப்பிட்ட தாய்க்கும் இதே பயம்தான். பெற்றவளுக்குத் தெரியும் பிள்ளையின் அருமை.

அடுத்தது குடும்பப் பெயர். ஒரு கொல்லனை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் வழி வந்தவர் ரஷ்யாவில் குஸ்னெத்சோவ், போலந்தில் கோவால்ஸ்கி, உக்ரைனில் கோவலென்கோ, செர்பியாவில் கோவாசெவிச். பெண்ணானால் குஸ்னெத்சோவா. செக் நாட்டுப் பெண்கள் இந்த 'ஓவா' வேண்டாம் என்றால் விட்டுவிட 2022 ஜனவரி 1 முதல் சட்டம் இடம் தருகிறது.

ரஷ்யர்களுக்கு, இடும் பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவில் இன்னொரு பெயர் உண்டு. டால்ஸ்டாய் என்று நாம் சொல்லும் நாவலாசிரியர் தல்ஸ்தோயின் முழுப்பெயர் லேவ் நிக்கலாயெவிச் தல்ஸ்தோய். நிக்கலாயெவிச் என்றால் நிக்கலாயின் மகன், மகளானால் நிக்கலாயெவ்னா. நம் இனிஷியலை விரித்து எழுதியது போல. எல்லாம் சரி, தாய் எங்கே? தேடினால் கிடைக்கிறாள். மார்ஃபின் என்பது மார்ஃபா என்ற பெண்ணின் பிள்ளை. உக்ரைனில் கத்தெரினாவின் பிள்ளை கத்தெரின்சுக். வ்தோவின் என்று ஒரு பெயர். கைம்பெண்ணின் பிள்ளை என்று பொருள். அதில் அவள் பெயர்கூட இல்லை.

இங்கே ஒரு கதை சொல்லியே ஆக வேண்டும். 1700இல் நார்வா போரில் ஸ்வீடன்காரர்களிடம் சிறைப்பட்டார் ரஷ்ய இளவரசர் இவான் த்ருபெத்ஸ்கோய். ஸ்டாக்ஹோமில் பல ஆண்டு கைதி. அங்கே ஒரு ஸ்வீடன் பெண்ணோடு பழகினார். 1704இல் மகன் பிறந்தான். முறையான மணத்தில் பிறக்காத பிள்ளைக்கு இளவரசர் குலப்பெயரை முழுசாகத் தருவார்களா? தலையை வெட்டினார்கள். 'த்ரு' போயிற்று, பெத்ஸ்கோய் என்று வால் மட்டும் கிடைத்தது. ரெப்னின் பிரபுவின் பிள்ளை ப்னின் ஆனதும் இப்படித்தான். அந்தப் பெத்ஸ்கோய் வளர்ந்து, மகாராணி இரண்டாம் கத்தரீனுக்கு நெருங்கியவராகி என்ன செய்தார் தெரியுமா? கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு மாஸ்கோவில் பெரிய இல்லம் எழுப்பினார். 1764இல் அது திறந்தது. அதே ஆண்டு பீட்டர்ஸ்பர்கில் பெண்பிள்ளைகளுக்குத் தொடங்கிய ஸ்மோல்னி கல்விக்கூடத்துக்கும் திட்டம் தந்தவர் அவரே. முழுப்பெயர் கிடைக்காத பிள்ளை மற்றப் பிள்ளைகளுக்கு வீடு கட்டினான், ஐயா! ஆனால் அவர் பெயரில் அந்த ஸ்வீடன் தாயின் ஓர் எழுத்துகூட இல்லை. பெற்றவளுக்குத் தெரியும் பிள்ளையின் அருமை, பதிவேட்டுக்குத் தெரியவில்லை.

இருநூறு ஆண்டுக்கும் மேலான பழைய கதைதானே என்று நினைக்காதீர்கள். போன ஜூன் மாதம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி மகளைப் பள்ளியில் சேர்க்கக் கூப்பிட்டாள் என்று நானும் துணைக்குப் போனேன். வீட்டு வேலை செய்து தனியாக வளர்த்த பிள்ளை. "அப்பா பேரு?" "விட்டுட்டுப் போய்ட்டாருங்க." "இனிஷியல் இல்லாம எப்படிம்மா எழுதுறது?" ஒன்பது வருடமாகத் திரும்பிப் பார்க்காத மனிதரின் எழுத்தையே போட்டுவிட்டு வந்தோம். ஒரு வாரம் கழித்து அந்தப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தேன். லேபிளில் அந்த ஓர் எழுத்தை மட்டும் நீலப் பேனாவால் அழுத்தி அழுத்தி அடித்திருந்தாள். மேலே சின்னதாக 'ச'. சரசு, அவள் அம்மா.

பெற்றவளுக்குத் தெரியும் பிள்ளையின் அருமை. அவள் எழுத்துக்குப் படிவத்தில் இடம் கேட்கிறோம், வேறொன்றும் இல்லை. எந்தப் பள்ளியும் கேள்வி கேட்காமல் அதை எழுத வேண்டும் என்று ஒரு மனு தயாராக இருக்கிறது. வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் வைத்திருக்கிறோம். போகும்போது கையெழுத்துப் போடுங்கள். உங்கள் பெயருக்கு முன்னால் அம்மாவின் எழுத்தையும் சேர்த்துப் போடுங்கள். வணக்கம்.