பாஸ் அவுட்: பட்டம் பெற்றாரா, மயங்கி விழுந்தாரா?

வணக்கம். செவிலியர் படிப்பை முடித்து இங்கிலாந்தில் வேலைக்கு விண்ணப்பிக்கும் சகோதரி ஒருவர், தம் கடிதத்தை எனக்கு அனுப்பிப் பிழை இருந்தால் சொல்லும்படி கேட்டிருந்தார். அதன் முதல் வரி ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2019’ என்றிருந்தது. நம் நாட்டில் இதைப் படிப்பவர், இவர் 2019-இல் படிப்பை முடித்தவர் என்று புரிந்துகொள்வார். இங்கிலாந்தின் மருத்துவமனை ஒன்றில் இக்கடிதத்தைப் படிப்பவருக்கோ, ‘2019-இல் நான் மயங்கி விழுந்தேன்’ என்பதே முதலில் தோன்றும்.

அதற்காக நம் வழக்கை வெறும் பிழை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. பயிற்சி முடித்து வெளியேறுவதைக் குறிக்கப் பிரிட்டிஷ் ஆங்கிலமே, குறிப்பாகப் படைத்துறையில், இச்சொல்லை இன்றும் ஆள்கிறது. சென்னை பரங்கிமலையில் 1963 முதல் இயங்கிவரும் இராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில், பயிற்சி நிறைவுற்றவர்களின் அணிவகுப்புக்குப் பெயரே ‘பாசிங் அவுட் பரேட்’ என்பதாகும். அங்கே ‘அந்திம் பக்’ எனப்படும் இறுதி அடியை எடுத்துவைத்து அவர்கள் அதிகாரிகளாக வெளியேறுவதால், ‘அவுட்’ என்ற சொல் அதன் நேர்ப்பொருளிலேயே நிற்கிறது. நாம் அதைக் கல்லூரி வாசலுக்கும் நீட்டிக்கொண்டோம்.

மயக்கத்தைக் குறிக்கும்போது அதே ‘அவுட்’ வேறு வேலை செய்கிறது. விளக்கு அணைவதை ஆங்கிலத்தில் ‘கோ அவுட்’ என்பார்கள் அல்லவா? அதைப் போல இங்கே நினைவு அணைகிறது. வெயிலில் நெடுநேரம் நின்ற ஒருவர் சரிந்து விழுந்தால் ‘ஹி பாஸ்டு அவுட் இன் தி ஹீட்’ என்பது மிக இயல்பான அன்றாடப் பேச்சு.

செவிலியர்கள் இன்னொன்றை மிகுந்த கவனத்துடன் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும் என்று வேண்டிக் கேட்கிறேன். ‘பாஸ்டு அவுட்’ என்றால் நோயாளி நினைவிழந்தார். ‘பாஸ்டு அவே’ என்றால் இறந்துவிட்டார். தொலைபேசியில் உறவினரிடம் பேசும்போது இந்த ஒரு சிறு சொல் மாறினால், உயிரோடு இருப்பவருக்காக ஒரு குடும்பமே கதறி அழ நேரிடும்.

வினாத்தாள்களை வகுப்பில் வழங்குவதையும் ‘பாஸ் அவுட்’ என்பதுண்டு. அப்போது ‘பாஸ் தி பேப்பர்ஸ் அவுட்’ என்று செயப்படுபொருளை இடையில் வைக்கலாம். மயங்குவதைச் சொல்லும்போது செயப்படுபொருளுக்கே இடமில்லை.

நண்பர்களிடையே ‘நீங்கள் எந்த ஆண்டு பாஸ் அவுட்?’ என்று கேட்பதைக் கைவிட வேண்டியதில்லை. வெளிநாட்டவர் படிக்கும் கடிதத்தில் மட்டும் வேறு சொல் வேண்டும். அந்தச் சகோதரியின் வரியை ‘ஐ கிராஜுவேட்டட் இன் நர்சிங் இன் 2019’ என்று மாற்றி அனுப்பியிருக்கிறேன். கடிதத்தின் மற்றப் பகுதியில் திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை.